காய்ந்ததும் மறைந்து, வியர்த்ததும் திரும்பும் துணி வாடை

சென்னை வேளச்சேரியில் அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் பெண்மணி ஒருவர், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தம் வீட்டுத் துணிகளில் எழும் ஈர வாடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முன்பக்கக் கதவு வைத்த சலவை இயந்திரம் இருக்கிறது. விலை உயர்ந்த திரவச் சோப்பு ஊற்றுகிறார். கடைசி அலசலில் மணத்துக்காக ஊற்றும் சாஃப்ட்னரையும் ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக்கிப் பார்த்துவிட்டார். அப்படியும் துண்டுகளிலும் பனியன்களிலும் வாடை போகவில்லை. வினிகர் ஊற்றலாமா, இயந்திரத்தையே மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார். ஆனால் இடையில் அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: மடித்து வைக்கும்போது வாடையே தெரிவதில்லை, கணவர் அணிந்துகொண்டு வெளியே போய் வியர்த்ததும் வந்துவிடுகிறது என்கிறார். அப்படியானால், துவைத்துக் காய்ந்த பிறகும் துணிக்குள் தங்கியிருப்பது எது, அதை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

நான் நெசவு வேதியியல் படித்தவன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பதினோரு ஆண்டும், பிறகு ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஒன்பது ஆண்டும் வேலை பார்த்தேன். நாரும் சாயமும் சோப்பும் எனக்குச் சொந்த வீடு; நுண்ணுயிரியல் பக்கத்து வீடுதான். வாடையை நேரில் முகராமல் தொலைவிலிருந்து சொல்வதால், கீழே எழுதுவதில் உறுதியானதையும் என் ஊகத்தையும் அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

துணியில் வரும் வாடை இரண்டு வகை. நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழம்பிவிடுகிறோம். நெடுநாள் பூட்டிக் கிடந்த பரணைத் திறந்தால் வருவது போன்ற மண் கலந்த மக்கிய வாடை ஒன்று. அது பூசணத்தின் வேலை. நாள்கணக்கில் ஈரம் படிந்திருந்தால்தான் வரும், வந்தால் பெரும்பாலும் கரும்புள்ளிகளும் கூடவே வரும். மற்றொன்று, அடுக்களையில் பிழியாமல் சுருட்டிப் போட்ட பிடிதுணியின் வாடை. புளிப்பும் வியர்வையும் கலந்தது. அது பாக்டீரியாவின் வேலை, அதற்குச் சில மணி நேரமே போதும். கேட்டவர் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வியர்த்ததும் வருகிறது என்கிறார். ஆகவே அவருடையது இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காய்ந்த துண்டின் ஒரு மூலையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, அந்த மூலையை ஒரு சுத்தமான எவர்சில்வர் டப்பாவுக்குள் திணித்து, மூடியை மேலே கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து மூடியைத் தூக்கியதும் முதல் மூச்சில் என்ன வருகிறது என்று பாருங்கள். புளித்த வாடை வந்தால், அந்தத் துண்டு துவைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் சுத்தமாகவில்லை.

இந்த வாடைக்குக் காரணமான முக்கியப் பாக்டீரியா எது என்பது இன்று ஊகமல்ல. ஜப்பானின் காவோ நிறுவனத்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா, துணியில் எஞ்சியிருக்கும் தோல் எண்ணெயையும் அழுக்கையும் தின்று 4-மெதில்-3-ஹெக்சினாயிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்குகிறது, ஈரத் துணி வாடைக்கு முதன்மைக் காரணம் அதுதான் என்று காட்டினார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை நம் வீடுகளில் பலர் நம்ப மாட்டார்கள்: அந்தப் பாக்டீரியா காய்ந்துபோவதையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகவே தாங்கும். 'ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டால் எல்லாம் செத்துவிடும்' என்பது பாதி உண்மைதான். துணியைச் சீக்கிரம் காயவைத்து அது பெருக நேரம் கொடுக்காமல் செய்வதே வெயிலின் பெரிய உதவி. ஏற்கெனவே குடியேறிவிட்டது வெயிலில் அடங்கிக் கிடந்து, வியர்வை பட்டதும் எழுந்துகொள்ளும். அந்தப் பெண்மணி சொன்ன அறிகுறி அப்படியே இதனுடன் பொருந்துகிறது.

ஆக, வேலை இரண்டு. உள்ளே இருப்பதைக் கொல்ல வேண்டும், புதிதாகப் பெருக நேரம் கொடுக்கக் கூடாது. முதல் வேலையை வெப்பம் செய்வதுபோல் வேறெதுவும் செய்வதில்லை. பிரிட்டனில் மருத்துவமனைத் துணிகளுக்கு உள்ள வழிகாட்டுதல், 71 பாகை செல்சியஸில் 3 நிமிடம் அல்லது 65 பாகையில் 10 நிமிடம் என்பது. வெப்பம் துணிக் குவியலின் நடுவரை பரவுவதற்கான நேரம் அதற்கு மேல். நாங்களும் அதை ஒட்டியே வேலை செய்தோம். ஒருமுறை சனிக்கிழமை மாலை மின்சாரம் போய், துவைத்து முடித்த துண்டுகள் இயந்திரத்துக்குள்ளேயே கிடந்துவிட்டன. திங்கள் காலைதான் கதவைத் திறந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதே துண்டுகளைத் தண்ணீர் சூடேற்றாமல் மூன்று முறை துவைத்தான், ஒவ்வொரு முறையும் சோப்பைக் கூட்டினான். மூன்றாம் முறை மல்லிகை மணமும் பிடிதுணி வாடையும் சேர்ந்து வந்தன, அது தனியான வாடையைவிடக் கொடுமை. நான்காவது சுற்றில் 71 பாகை வைத்தோம், அதோடு போயிற்று.

இதில் நாம் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஊர்களில் வெள்ளாவி வைத்தவர்கள் செய்ததும் இதுதான். துணிகளை உவர்மண் கரைசலில் நனைத்து, தண்ணீர் கொதிக்கும் பெரிய பானையின் மேல் அடுக்கி மூடி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய் அடித்து அலசினார்கள். உவர்மண்ணில் இருப்பது காரத்தன்மையுள்ள சோடா உப்பு. ஆவி ஏறக்குறைய 100 பாகை. காரமும் வெப்பமும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்த முறை அது. எதிலும் பழைய முறையைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் வெள்ளாவியில் இப்போது குறைகாண என்னால் முடியவில்லை.

வீட்டில் இதைச் செய்ய, முன்பக்கக் கதவு இயந்திரத்தில் 60 பாகை வைக்கும் வசதி இருக்கும். வெள்ளை, இளநிறப் பருத்தித் துண்டுகளையும் பனியன்களையும் தனியாக அதில் போடுங்கள். 'குயிக் வாஷ்' பொத்தானை இந்தத் துணிகளுக்கு மறந்துவிடுங்கள். ஏற்கெனவே வாடை ஏறியவற்றை முதலில் ஊறவைக்க வேண்டும். ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவில் இரண்டு பங்கு கொதித்த நீரும் ஒரு பங்கு குழாய் நீரும் கலந்தால் 75 பாகையை ஒட்டி வரும், துணி விழுந்ததும் 65-க்கு இறங்கும். ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சோடியம் பெர்கார்பனேட் போடுங்கள். 'ஆக்சிஜன் பிளீச்' என்று விற்கும் தூள் பெரும்பாலும் இதுதான், பொட்டலத்தில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்து, ஒன்று நுண்ணுயிரைக் கொல்ல, மற்றொன்று எண்ணெயைக் கரைக்கும். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். அலுமினிய அண்டா வேண்டாம், காரம் அதை அரிக்கும். கரைசலைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்கவும் கூடாது, வாயு சேர்ந்து வெடித்துத் திறக்கும். பட்டு, கம்பளி இரண்டையும் இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த அண்டா தரையில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு டீ-சர்ட், ஜிம் உடை போன்ற பாலியெஸ்டர் துணிகளின் கதை சற்று வேறு. வழக்கமான அறை ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான். அதனால் அது சீக்கிரம் காய்கிறது. ஆனால் தண்ணீரை விரும்பாத அந்த நார் எண்ணெயை விரும்பும். அக்குளில் படிந்த எண்ணெயைக் குளிர்ந்த நீர் அசைப்பதில்லை. இழுபடும் நாரான எலாஸ்டேன் கலந்திருந்தால் 65 பாகை தாங்காது, ஆகவே 40 பாகையில் பெர்கார்பனேட்டுடன் நான்கைந்து மணி நேரம் ஊறவைப்பது நல்லது.

இனி வினிகர். கேட்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். வினிகர் 4 அல்லது 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம். சிறுநீர் பட்ட குழந்தைத் துணியின் அமோனியா காரம், அதனால் வினிகர் அதை அடக்கும்; அங்கே அது நல்ல மருந்து. ஆனால் ஈரத் துணி வாடையைத் தருவது ஒரு அமிலம் என்று மேலே சொன்னேன். அமிலத்தை இன்னொரு அமிலத்தால் அடக்க முடியாது, காரத்தால்தான் முடியும். சலவைச் சோடா சேர்த்தால் அந்தக் கொழுப்பமிலம் உப்பாக மாறும். காற்றில் எழுவதை விட்டுத் தண்ணீரில் கரைந்துபோகும். வினிகர் ஊற்றியதும் துணி நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வது பொய்யல்ல. தங்கியிருந்த சோப்பையும் கடின நீர் விட்ட சுண்ணாம்புப் படிவையும் அது அகற்றுவதால் துண்டு மென்மையாகிறது. நுண்ணுயிரை அது ஓரளவு குறைக்கவும் செய்யலாம், ஆனால் கைப்பிடி அளவு வினிகர் முப்பது லிட்டர் நீரில் கலந்த பிறகு என்ன மிச்சம் இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். அடிக்கடி ஊற்றினால் கதவு ரப்பருக்கு நல்லதல்ல. எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடருடனோ பிளீச் திரவத்துடனோ வினிகரைச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது விளையாட்டல்ல.

மணத்துக்கு ஊற்றும் சாஃப்ட்னரைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: துண்டுகளுக்கு ஒரு துளியும் வேண்டாம். அது நாரின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு படலத்தை விடுகிறது. மென்மை அதனால்தான் வருகிறது. அதே படலம் துண்டு நீரை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, அடுத்த சலவையில் சோப்பு உள்ளே போவதையும் தடுக்கிறது. கிருமிநாசினித் திரவங்களில் பென்சல்கோனியம் குளோரைடு உள்ளவற்றைச் சோப்போடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். ஊற்றுவதானால் கடைசி அலசலில் மட்டும் ஊற்ற வேண்டும். சோப்பின் அளவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. துவைத்த துண்டு ஒன்றை வெந்நீரில் போட்டு நன்றாகக் கும்முங்கள். நுரை பொங்கினால் நீங்கள் ஊற்றும் சோப்பு அதிகம், அல்லது அலசல் போதவில்லை. நுரையே இல்லாமல் நீர் மட்டும் கலங்கி வந்தால் சோப்பு போதவில்லை. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் புழங்கும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அதன் வாயைப் பார்க்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்பை இரு விரலால் விரித்துப் பாருங்கள். என் வீட்டு இயந்திரத்தில் இரண்டு மாதமாக வாடை வந்து, நான் எல்லாரிடமும் சோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மடிப்பை விரித்தபோது மகளின் பள்ளிக் காலுறை ஒன்றும், ஒரு கொண்டை ஊசியும், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் இருப்பது போன்ற கொழகொழப்பான சாம்பல் நிறப் பசையும் இருந்தன. ஒன்பது ஆண்டு மருத்துவமனைச் சலவை பார்த்தவன் வீட்டில் இந்த நிலை. அந்தப் பசை பாக்டீரியாக்கள் தமக்குத் தாமே கட்டிக்கொள்ளும் வீடு. ஒவ்வொரு சலவையிலும் அங்கிருந்து துணிக்கு ஆள் போகும். மடிப்பைத் துடைத்து, சோப்பு இழுப்பறையைக் கழற்றிக் கழுவி, கீழே முன்பக்கம் உள்ள வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்து, மாதம் ஒருமுறை துணி போடாமல் பெர்கார்பனேட் மட்டும் போட்டு 90 பாகையில் ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் கதவை ஒரு கை அளவு திறந்தே வையுங்கள்.

இரண்டாவது வேலை, காயவைப்பது. இங்கேதான் சென்னை மழைக்காலம் நம்மைத் தோற்கடிக்கிறது, அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நான்கு கிலோ துணியை நன்றாகச் சுழற்றிப் பிழிந்தாலும் அதில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் நீர் எஞ்சும். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் அதில் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. 28 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதாவது அந்த அறை முழுவதும் சேர்ந்து ஒரு கிலோவுக்கும் குறைவு. மழை நாளில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இன்னும் ஏற்கக்கூடியது 200 கிராம்கூட இல்லை. இரண்டரை லிட்டர் நீரை இந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும், நீர் போவதற்கு இடமே கிடையாது. மின்விசிறி காற்றை நகர்த்தும், வெளியேற்றாது.

ஆகவே துணி காயும் அறையில் ஒரு பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் மிக நல்லது, மின்விசிறியின் காற்று துணியின் மேலேயே பட வேண்டும். கொடியில் ஒன்றின் மேல் ஒன்று போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பேன்ட்டை உள்புறம் வெளியாகத் திருப்பிப் பையை இழுத்துவிடுங்கள், கடைசியில் காய்வது பையும் இடுப்புப் பட்டியும்தான். ஏ.சி. உள்ள வீடாக இருந்தால், மழை விடாத நாளில் அறையை மூடி, ட்ரை மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடலாம். சுவருக்கு வெளியே உள்ள குழாயின் கீழ் ஒரு வாளி வைத்துப் பார்த்தால் துணியிலிருந்த நீர் அங்கே வந்து நிற்பது தெரியும். மின் கட்டணம் கூடும், ஆனால் தினமும் அல்ல, அடைமழை நாளுக்கு மட்டும். துவைப்பதற்கு முன் இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் கூட்டினால் செலவில்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். பருத்திக்கு நிமிடத்துக்கு 1200 சுற்று தாராளமாக வைக்கலாம். எல்லாவற்றையும்விட, சலவை முடிந்த மணி அடித்ததும் எடுத்துப் போட வேண்டும். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கு எடுப்பது, வாடையை நாமே ஊறவைப்பதற்குச் சமம். எத்தனை மணி நேரத்துக்குள் காய வேண்டும் என்று கேட்டால், நான் வைத்திருக்கும் கணக்கு ஐந்தாறு மணி நேரம். அது என் அனுபவக் கணக்கு, சட்டமல்ல.

அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரி போட்டு முடித்துவிடும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. இஸ்திரிச் சூடு தொட்ட இடத்தில் நுண்ணுயிர் சாகும் என்பது உண்மை. ஆனால் நீர் தெளித்துத் தேய்த்து, சூடு ஆறும் முன்பே மடித்து, மூட்டையாகக் கட்டி பீரோவில் வைத்தால், தடித்த மடிப்புகளில் ஆவி சிக்கிக்கொள்ளும். தெருமுனை வண்டியிலிருந்து வரும் கட்டைப் பிரித்து அரை மணி நேரம் நாற்காலி முதுகில் போட்டு வைத்த பிறகு அடுக்குங்கள்.

கரும்புள்ளி விழுந்த துணிகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் மழைக்காலத்தில் அதுவும் வரும். வெள்ளைப் பருத்தியில் பிளீச் புள்ளியை வெளுக்கும். பூசணம் நாரையே தின்றிருந்தால் அந்த இடத்தில் துணி பிறகு கிழியும், அதற்கு மருந்தில்லை. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கும் முறை புதிய புள்ளிகளில் சிறிது பலித்துப் பார்த்திருக்கிறேன், பழையவற்றில் பார்த்ததில்லை. பட்டுப் புடவையில் இவற்றில் எதையும் முயல வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்தால் போதும். பீரோவில் போடும் பாச்சை உருண்டை பூச்சிக்கானது, பூசணத்தைத் தடுக்காது, ஈரத்தையும் இழுக்காது. ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையில் உள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. ஈரத்தை இழுக்க வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடு டப்பா அதைச் செய்யும். சேர்ந்த நீரை மட்டும் துணியில் சிந்தாமல் கொட்ட வேண்டும்.

ஒரேயடியாக எல்லாத் துணியையும் எடுத்துக்கொள்ளாமல், மிக மோசமான இரண்டு துண்டுகளில் தொடங்குங்கள். முதலில் இயந்திரத்தின் ரப்பரையும் வடிகட்டியையும் முடித்துவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, 60 பாகையில் துவைத்து, எவர்சில்வர் டப்பாச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். வாடை இல்லையென்றால் மற்றவற்றையும் அதே வழியில் போடலாம். இரண்டு முறை செய்தும் டப்பாவைத் திறந்ததும் அதே வாடை வந்தால், அந்தத் துண்டைத் தரை துடைக்க ஒதுக்கிவிட்டு, அடுத்த துண்டில் சோதியுங்கள்.